ஜூலையில் வாங்கிய வண்டி

ஜூலையில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.
ஓர்வில் ஹிரின்சுக் சாவியைத் திருப்பினார்,
அரை மூச்சில் பிடித்துக்கொண்டது.
கொசு அடித்தபடியே பணத்தை எண்ணினேன்.
தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து பிக்கப், பச்சை,
பின்கதவில் எதிலோ இடித்த வடு.
"குறை ஏதும்?" என்றேன்.
"இன்றைக்கு ஒன்றுமில்லை" என்றார்.
அந்த 'இன்றைக்கு' என் காதில் விழவில்லை.
ரெனே காரை எடுத்துக்கொண்டு போய்
ஒன்பது நாள் ஆகியிருந்தது.
காதுக்குள் வேறு சொற்கள் இருந்தன.

ஃபிளின் ஃப்ளானில் டிசம்பர்.
காலை ஐந்தரை, மைனஸ் முப்பத்தி நான்கு.
பள்ளிச் சமையலறையில் நூற்று நாற்பது பேருக்கு
ஓட்ஸ் கஞ்சி வைக்க வேண்டியவள் நான்.
இருக்கை பலகையாய் இறுகிக் கிடக்கிறது.
சாவியைத் திருப்புகிறேன்.
பம்பு இரண்டு நொடி முனகுகிறது, நல்லது.
ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, அதுவும் நல்லது.
சுற்றுகிறது
சுற்றுகிறது
ஒரே ஒரு இருமல்.
பிறகு செயின் கழன்ற சைக்கிள் மாதிரி
வெறும் மிதி.

நடந்து போனேன். கஞ்சி அடிப்பிடித்தது.

புது பேட்டரி போட்டேன்.
ஆறு பிளக்கும் மாற்றினேன், கட்டைவிரல் தோல்
ஸ்பானரோடு ஒட்டிக்கொண்டு போனது.
ராத்திரி முழுக்க என்ஜின் ஹீட்டருக்குக் கரண்ட்.
சுரங்கத்துக்குப் போகிறவர்கள் நின்று நின்று
ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அமுக்கு என்றான் ஒருவன்.
அது கார்புரேட்டர் காலத்துப் புத்தி.
இதில் அப்படி அமுக்கினால்
வருகிற பெட்ரோலும் நின்றுவிடும்.

கடைசியில் ஓர்வில் வீட்டுக்கே போனேன், சண்டைக்கு.
வழிநெடுக வசனம் சேர்த்துவைத்திருந்தேன்.
அவர் ஒன்றும் பேசாமல் காதுமூடியை மாட்டிக்கொண்டு
மூன்று தெரு என்னோடு நடந்து வந்தார்.
பானெட்டைத் தூக்கினார்.
விரல் நுனி அளவில் ஒரு பித்தளைச் சென்சார்.

"இது ஒரு புளுகுணி.
வண்டி விறைத்துக் கிடக்கும்போதும்
சூடாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லும்.
கம்ப்யூட்டர் நம்பிவிடும்.
சூடான என்ஜினுக்கு எதற்குக் கூடுதல் பெட்ரோல் என்று
எண்ணி எண்ணிச் சொட்டும்."

"அப்புறம்?"

கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
வயரைப் பிடுங்கினார்.
"பதிலே வரவில்லை என்றால்
மோசமானதைத்தான் நினைக்கும் கம்ப்யூட்டர்.
இருப்பதிலேயே பெரிய குளிர் இதுதான் என்று
அள்ளிக் கொடுக்கும். திருப்பு இப்போது."

பிடித்துக்கொண்டது.
கரும்புகை கக்கி, உடம்பெல்லாம் குலுங்கி,
பிறகு ஒரு சீராய்.

"ஏன் முன்னமே சொல்லவில்லை?"
"ஜூலையில் யார் கேட்டார்கள்?"

சேர்த்த வசனத்தில் ஒரு வரிகூட நினைவில்லை.
சிரிப்பு வந்தது, கியரைப் போட்டேன்.
ஹீட்டர் வயரைக் கழற்ற மறந்துபோய்
தெருமுனைவரை ஆரஞ்சு வாலை இழுத்துக்கொண்டு போனேன்.
பின்னால் ஓர்வில்
கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாராம்.
டாட்டா என்று நினைத்தேன்.

புது சென்சார் இருபத்திரண்டு டாலர்.
பழையதைக் குப்பையில் போடவில்லை,
கோட்டுப் பையில் கிடக்கிறது.

ஞாயிறு சாயங்காலம் வின்னிபெக்கிலிருந்து தங்கை.
"எப்படி இருக்கிறாய்?"
ஐந்து மாதமாய்
ஞாயிறு தவறாமல் இதற்கு
ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்.
அது நாக்குவரை வந்தது.
பைக்குள் கை போனது,
பித்தளை இன்னும் சில்லென்றே இருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு நொடி. ஐந்து.
கெட்டில் கொதித்து அடங்கியது.

"ஜெனவீவ்" என்றுகூடச் சொல்லவில்லை.

எட்டு மணி நேரப் பாதை, பாதிக்கு மேல் பனி.
மறுமுனையில் மேஜை அறையைத் திறந்து
சாவி எங்கே வைத்தேன் என்று
அவள் தனக்குத்தானே கேட்டுக்கொள்வது
கேட்டது.