உப்புத்தாள்

அஸ்மியா ஜன்னல் கம்பியை நக்கியதை
பல் முளைக்கிற தினவு என்று விட்டிருந்தேன்.
ஒருநாள் அவள் உள்நாக்குப் பக்கம்
பச்சைச் செதில் ஒன்று,
கீரைத் துணுக்கு மாதிரி.
விரல் விட்டு எடுத்தேன். அழுதாள்,
மிட்டாயைப் பிடுங்கிய அழுகை.

மிட்டாய்தான் அது.
காரீயம் இனிக்குமாம்.
திருவாரூர் ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக
ஊர் ரத்தத்துக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டும் எனக்கு
தெரியாது.

அவள் ரத்தம் சென்னைக்குப் போய் வந்தது.
பதினெட்டு.
டாக்டர் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டார்.
மற்ற எண்களைப் பார்க்கவேயில்லை.

ஈயமா, என்று பதறினாள் எதிர்வீட்டுக் கோகிலா.
ரசம் வைக்கிற சொம்பைப் பரணில் ஏற்றிவிட்டாள்.
அது வெள்ளீயம் கோகிலா, இது காரீயம்.
இரண்டுக்கும் ஒரு பேரை வைத்தவன்
ரசம் குடித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பான்.

வீட்டுக்காரர் ஈப்போவில்.
வாட்ஸ்அப்பில் குரல் வந்தது:
'வாப்பா கப்பல்ல கொண்டாந்த பெயிண்ட்மா,
அறுபது வருஷமா அசையல.
மேலயே ஒரு கோட் அடிச்சுக்க, காசு அனுப்புறேன்.'
அசையாமல் என்ன.
ஐப்பசியில் கூத்தாநல்லூர்ச் சுவர்கள் தண்ணீர் குடிக்கும்,
மாசியில் தோலுரிக்கும்.
தூசி என்று நினைத்துத்தான் நான் பெருக்கினேன்.
பெருக்கப் பெருக்க
அவள் தவழும் உயரத்துக்கு அது எழுந்தது.

லெட்சுமாங்குடி வைரக்கண்ணு வந்தார்,
கேஸ் டார்ச், உப்புத்தாள் ஒரு கட்டு.
'அனல் காட்டுனா வெண்ணெயா வழியும்.'
நெருப்பு வேண்டாண்ணே, புகையாகி நெஞ்சுக்குள்ள போகும்.
'அப்ப உப்புத்தாள்.'
காயக் காயத் தேய்க்கக் கூடாது.
'பின்ன கும்புட்டா உரியும்?'

பிள்ளையைப் போதக்குடிக்கு அனுப்பினேன்.
கட்டில், அரிசி ட்ரம், குர்ஆன் பலகை எல்லாம் வெளியே.
தரை முழுக்க பிளாஸ்டிக் தாள், ஓரமெல்லாம் டேப்.
துண்டு கட்டிக்கொள்ள வந்தவரிடம்
இரண்டு வட்டம் வைத்த முகமூடி நீட்டினேன்.
'யானை மாதிரி இருக்கு' என்றார், மாட்டிக்கொண்டார்.
நான் விசிற, ஈரத்திலேயே அவர் சுரண்டினார்.
பச்சைக்கு அடியில் மஞ்சள்,
மஞ்சளுக்கு அடியில் ஒரு சிவப்பு,
அதற்கும் அடியில் தேக்கு,
வெட்கப்பட்டுக்கொண்டு.
விளக்குமாற்றை ஒளித்து வைத்தேன்.
ஈரத்துணியால் துடைத்து, துணியை மாற்றி,
மறுபடியும் துடைத்து.
ஆறு நாள்.

மூன்று மூட்டை சேர்ந்தது.
வைரக்கண்ணு தோளில் ஏற்றினார்: 'வாய்க்கால்ல விட்டுடுறேன்.'
மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து ஒன்பது நாள்.
அந்தக் கரையில்தான் அவர் மச்சானின் நாற்றங்கால்.
நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை;
நாலடி போய் அவரே நின்றுவிட்டார்.
நகராட்சியில் கேட்டேன்,
இதற்கெல்லாம் வண்டி இல்லையாம்.
மாடிப்படிக்கு அடியில் இன்னும் இருக்கின்றன,
இரட்டை உறையில், பூட்டி.
தொடாதே என்று எழுதியிருக்கிறேன்,
வாசிக்கத் தெரியாதவளுக்கு.

டீ கிளாஸை அவர் இடக்கையால் பிடிப்பதை
மூன்றாம் நாளே பார்த்திருந்தேன்.
வலது மணிக்கட்டு தொங்கும், நடுங்கும்.
'ஆஞ்ச வேலை, அதான்' என்பார்.
சம்மதிக்க வைத்து ரத்தம் எடுத்தேன்.
நாற்பத்தாறு.

கணக்குக் கொடுக்கும்போது சொன்னேன்.
'பாஸா?'
இல்லண்ணே, இதுல கம்மி எடுத்தாத்தான் பாஸ்.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
'பாப்பாவுக்கு எவ்வளவு?'
சொன்னேன்.
'நல்லாப் படிக்குது' என்றார்.

பிறகு வேலைச் சட்டையைக் கழற்றினார்,
பூத்தையல் போட்ட காலர், எல்லா நிறமும் அதில் இருந்தது.
'இதோடதான் போய் பேரனைத் தூக்குவேன்.
அவுங்க அப்பனையும் இதே மாதிரி...'
முடிக்கவில்லை.
கை கழுவினார், முழங்கை வரை, சோப்பு தேயத் தேய.
சட்டையைப் பாலிதீன் பையில் இறுக்கி
கேரியரில் கட்டிக்கொண்டு
வெற்று மார்போடு சைக்கிள் ஏறினார்.
விசிறி டப்பா முன் பிளாஸ்டிக் கூடையில்.
அது என்னுடையது.
கேட்கவில்லை.