முழங்கால் ஆழம்

மூன்று படகு பார்த்தாயிற்று.
காசு ஒன்றுக்குத்தான்.

முதலாவது காரைநகரில்,
வைகுந்தநாதனின் மதிலோரம்
முருங்கை நிழலில் சரிந்து கிடந்தது.
இருபத்து நாலு அடி. உள்ளே படுக்கலாம்,
தேத்தண்ணி போடலாம், மழைக்கு ஒதுங்கலாம்.
அடியில் ஈயம் ஊற்றிய ஏரா, நாலு அடி ஆழம்;
சரிந்தாலும் தானே நிமிருமாம்.
"திருகோணமலைக்கே போகும்" என்றார்.
போகும்தான்.
அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தேன்
வத்தகப்பழம் வாங்குகிறவள் போல.
அன்றிரவு வரைபடத்தில் என் விரல்
திருகோணமலைக்குப் போய் வந்தது.
காலையில் எக்ஸ்றே அறை வாசலில்
நாற்பது நெஞ்சுக்கூடுகள் வரிசையில்.
மூச்சைப் பிடியுங்கோ.
விடுங்கோ.
எனக்கு லீவு ஞாயிறு மட்டும்,
அதிலும் பின்னேரம் உடுப்புத் தோய்க்க வேணும்.

இரண்டாவது குருநகரில். மெல்லிசு.
சோளகம் விரலால் தொட்டால் போதும், பாயும்.
"ஓடிப் பாருங்கோ" என்று றெஜினோல்ட் தாமானை என் கையில் தந்தான்.
குகதாசன் விளிம்புக்கு வெளியே உடம்பைத் தொங்கவிட்டுக்
கத்தினான், சந்தோசத்தில்.
நானும் கத்தினேனாம். காரணம் வேறு.
களங்கண்டித் தடிகள்
ஒன்றின்பின் ஒன்றாய் எங்களை நோக்கி வந்தன.
ஒரு தடியில் நீர்க்காகம்
செட்டையை விரித்துக் காயவைத்தபடி.
அது எழும்பவில்லை.
விலக வேண்டியது யார் என்று அதற்குத் தெரிந்திருந்தது.
விலகினோம்.
பாய் தண்ணீரில் படுத்தது, நாங்களும்.
பிறகு எழும்பி நின்றோம்
இடுப்பளவு நீரில், ஒருவரையொருவர் பார்த்தபடி.
நடுக்கடலில் விழுந்தவர்கள்
எழும்பி நிற்கக்கூடிய ஊர் இது.

எந்தப் படகு நல்லது, எந்தப் படகு நல்லது என்று
ஒரு மாதமாய் எல்லாரையும் அரித்திருந்தேன்.
ஒஸ்லோவிலிருந்து மைத்துனன்
ஐந்து குரல் பதிவுகள் அனுப்பியிருந்தான்.
அவனுடைய கடலுக்கு அடி கிடையாது.
எங்களுடையதில் கொக்கு நடக்கிறது.

மூன்றாவது செலஸ்ரினாவினது, பாசையூரில்.
பன்னிரண்டு அடி, தட்டை அடி.
நடுப்பலகையைக் கயிற்றில் இழுத்தால்
உள்ளே வந்துவிடும், ஆமைத் தலை போல.
பாய்மரத்தைத் தனியே கழற்றிப் பார்த்தேன்,
தனியே திரும்ப நட்டேன்.
பண்ணைப் பாலத்துக்குக் கீழே போக
யாருடைய கையும் தேவையில்லை.
ஒட்டுப் போட்ட இடம் ஏழு.
அவளே எண்ணிக் காட்டினாள். எட்டாவது எனக்குத் தெரிந்தது.
"அது ஒட்டில்லை, பெயின்ற்" என்றாள்.
ஐயாயிரம் குறைக்கக் கேட்டேன்.
கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
கடைசியில் ஒரு மரக்கோலைத் தூக்கி உள்ளே போட்டாள்.
"இது சும்மா."

பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம்:
பாவனையின் நோக்கம்.
மீன்பிடி. பயணிகள். சரக்கு. வேறு.
வேறு என்பதற்கு எதிரே புள்ளிகள், நீளமாய்.
பின்னால் நின்றவர் செருமினார்.
திருகோணமலை அந்தப் புள்ளிகளில் அடங்கும்,
எழுத்து சின்னனாய் இருந்தால்.
எழுதினேன்:
*ஞாயிறு காலை. மண்டைதீவுப் பக்கம். திரும்பி வருவதற்கு.*
அலுவலர் கண்ணாடியை இறக்கினார்.
"நோக்கம் கேட்டனான், தங்கச்சி.
நேரசூசி இல்லை."
எண்டாலும் முத்திரை குத்தினார்.

குகதாசன் இன்னும்
அந்த மெல்லிசைப் பற்றியே பேசுகிறான்,
நித்திரையிலும் விளிம்புக்கு வெளியே தொங்குகிறான்.
தொங்கட்டும். அவனுக்கும் ஒரு படகு இருக்கிறது எங்கோ,
அதற்கு அவன் தனியே காசு சேர்க்க வேணும்.

முதல் ஞாயிறு.
காற்று நினைத்ததிலும் குறைவு.
பாய் சோம்பல் முறித்து, நிறைந்து, திரும்பச் சோர்ந்தது.
அராலிப் பக்கத்து ஒளி தண்ணீரில் சல்லிசல்லியாய்.
ஒரு மணித்தியாலம் யாரும்
மூச்சைப் பிடிக்கவில்லை.
பிறகு சேறு. மெதுவாய், மரியாதையாய் நின்றது படகு.
நடுப்பலகையைத் தூக்கினேன், மரக்கோலால் தாங்கினேன், அசையவில்லை.
இறங்கினேன்.
முழங்கால் ஆழம்.
தோளைக் கொடுத்துத் தள்ளினேன். நகர்ந்தது.
என் ஒருத்தியின் பலத்துக்கு நகர்ந்தது!

செருப்பு ஒன்றை
இன்னும் காணவில்லை.