கடிகாரம் பழுது, இதர

யூஸ்டன் சாலைக்குக் கீழே மூன்றாம் தளத்தில்
மழை கேட்காது.
ஈரப்பதமானி மட்டும் ஐம்பது என்று காட்டிக்கொண்டிருக்கும்.
என் வேலை குண்டூசி எடுப்பது.
நூற்றைம்பது வருடத் துரு
காகிதத்தில் பழுப்பாய் ஊறிய இடத்தில்
எலும்புக் கத்தியை நுழைத்து
மூச்சைப் பிடித்துக் கழற்ற வேண்டும்.
படிப்பதற்குச் சம்பளம் இல்லை.
படிக்கிறேன்.

இன்றைய கட்டு மர்சா துவைம்.
கரி ஏற்றும் துறைமுகம். காப்பி, தோல், கொஞ்சம் பிசின்.
ஒப்பந்தம் இரண்டு பத்தியாக ஓடுகிறது,
இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று,
நடுவே ஒரு விரல் அகலம் வெள்ளை.
சூரியனும் சந்திரனும் உள்ளவரை நட்பு
என்கிறது முதல் வரி.
சோழர் கல்லிலும் இதே சூரியன், இதே சந்திரன்;
அங்கே ஒரு விளக்குக்கு, அதன் நெய்க்கு,
சாவாமலும் மூப்படையாமலும் இருக்கவேண்டிய
தொண்ணூற்றாறு ஆடுகளுக்கு.
இங்கே மாதம் முப்பது ரியாலுக்கு.

பக்கத்து மேசை அர்வா சவுத் ஷீல்ட்ஸில் பிறந்தவள்.
கப்பல் அடுப்புக்குக் கரி தள்ளிய குடும்பம்.
வலப்பத்தியின் மேல் விரலைப் படாமல் நகர்த்தினாள்.
"இங்கிலீஷில் என்ன போட்டிருக்கு?"
"பாதுகாப்பு."
"இதில் அக்கம்பக்கம்னு இருக்கு.
கூப்பிட்டால் வருவான். அவ்வளவுதான்."
பசைக் கிண்ணத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அடுத்தது ஒரு குதிரை.
ஷேக் முக்பில் பின் அவத் அனுப்பியது.
கேப்டன் லாங்மியூர் அதில் ஏறவே இல்லை;
பரிசை வைத்துக்கொள்ள விதி இல்லை.
பம்பாயில் ஏலம் போனது, நானூற்றுப் பத்து ரூபாய்.
பட்டியலில் 'சாம்பல், பெண், வயது ஐந்து'.
அந்தப் பணத்தில்தான் பதில் மரியாதை:
சிவப்புச் சகலாத்து நாலு கஜம்,
ஒரு தொலைநோக்கி, ஒரு கடிகாரம்.
மிச்சம் பதினோரு ரூபாய் கஜானாவில் வரவு.
தன் குதிரையின் விலையை
மூடி திறந்து நேரம் பார்த்தார் ஷேக்.
அவருக்கு ஐந்து பீரங்கி முழங்கியது.
பக்கத்து ஷேக்குக்கு ஏழு.
அது பற்றித் தனியே ஒரு கடிதம் உண்டு,
அதற்கும் ஒரு குண்டூசி.

எட்டாம் மாதம் கடிகாரம் நின்றது.
கப்பலேறி லண்டன் வந்து
கிளார்க்கன்வெல்லில் ஒரு கடையில் திறந்து பார்த்தார்கள்:
வில் அறுந்திருக்கிறது, உள்ளே உப்பு.
கூலி ஒரு பவுன் நாலு ஷில்லிங்.
யார் கணக்கில்?
லண்டன் பம்பாயைக் கேட்டது,
பம்பாய் துறைமுகத்தைக் கேட்டது,
துறைமுகம் லண்டனைக் கேட்டது.
பத்தொன்பது கடிதம்.
இடையே, ஏழாவதின் மூன்றாம் பத்தியில்,
கரிக்கிடங்கை மூன்று கிணறுகள் வரை நீட்டியாயிற்று.
பன்னிரண்டாவதில்
நடத்தை சரியில்லை என்று முப்பது ரியாலும் நின்றது.
பதினாறாவதில் மறுபடி கடிகாரம்.

கடைசித் தாள் ஷேக்குடையது.
மேலே ஒட்டிய மொழிபெயர்ப்பு இரண்டே வரி:
'கடிகாரத்தைப் பற்றி வற்புறுத்தவில்லை.
குதிரையைப் பற்றி விசாரிக்கிறார்.'
மூலையில் பென்சிலால், பதில் தேவையில்லை.
அர்வாவைக் கூப்பிட்டேன்.
அவளுக்கு நேரமாயிற்று; கோட்டை மாட்டியபடியே படித்தாள்.

"கடிகாரம் வராவிட்டால் போகட்டும்.
எங்களுக்குச் சூரியன் இருக்கிறது.
கமாமா நின்ற தண்ணீரில் வாய் வைக்க மாட்டாள்.
வாளியை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள்.
இடப்பக்கம் யாரும் நெருங்கினால் உதைப்பாள்.
அவள் யார் வீட்டில் இருக்கிறாள் என்று
ஒரு வரி எழுதுங்கள்."

"கமாமான்னா மேகம்" என்றாள்,
பட்டனைத் தவறான துளையில் போட்டுக்கொண்டே.

குண்டூசி வந்துவிட்டது. துளை இருக்கிறது.
கண்ணாடி ஜாடியில் மற்றவற்றோடு போட்டேன்.
பழைய தலைப்பை அப்படியே கணினியில் ஏற்ற வேண்டும்:
'மர்சா துவைம், கடிகாரம் பழுது, இதர.'
பின்னால் அவள் பெயரை அடித்தேன்.
கட்டம் நிறைந்துவிட்டது, ஏற்கவில்லை.
இன்னொரு முறை அடித்தேன்.
பிறகு
'இதர'வை அழித்தேன்.
இடம் இருந்தது.