ஏழாம் தடம்

போர்ட் டால்பட்டில் அந்த நவம்பர் முழுக்க
உருக்காலைப் புகையும் மழையும்
ஒரே நிறத்தில் இறங்கின.
மூடிப்போன தேவாலயம்தான் ஸ்டுடியோ.
ஹீட்டர் ஓடினால் மைக்கில் முனகும்,
அதனால் கோட்டோடு வாசித்தார்கள்.
நான் டேப் ஓட்டுகிறவள். வாரம் பதினெட்டு பவுண்டு.

கெதின் இரவு ஷிப்ட் முடித்து வருவான்,
நகக்கண்ணில் கரி.
பேஸ் கித்தாரை மடியில் கிடத்தி
முட்டை சாண்ட்விச் தின்பான்.
தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழும் அவன் சுரம்,
வருகிறேன், என்ன அவசரம் என்பதுபோல.
டியூடருக்கு அது பிடிக்காமல் போனது எந்த நாளில்
எனக்குத் தெரியாது.
யாரும் கத்தவில்லை.
தேநீர் ஊற்றும்போது
ஒரு கோப்பை குறைவாக எடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஐந்து பாட்டு முடிந்திருந்தது.
ஆறாவதுக்குக் கார்டிஃபிலிருந்து யோலோ வந்தான்.
புதுச்சட்டை, வெட்டிய நகம்,
நேரம் தவறாத விரல்கள். நல்லவன்.
யார் இடம் இது என்று கேட்கவும் செய்தான்.
"நாற்காலியின் இடம்" என்றான் டியூடர்.

பிறகு என்னிடம்:
முதல் ஐந்திலும் ஏழாம் தடத்தை அழி.
யோலோ வாசித்துக்கொள்வான்.

அழித்தேன்.
சிவப்புப் பொத்தானை அழுத்தினால்
டேப் அதுபாட்டுக்கு ஓடுகிறது.
ஒரு சத்தத்தை அழிக்கச் சத்தமே இல்லை.
இருபத்திரண்டு நிமிடம்.
கெதின் அப்போது உலை முன்னால் நின்றிருப்பான்.

ஆனால் எம்ரிஸின் டிரம்ஸுக்கு மேலே
தொங்கிய இரண்டு மைக்குகள்
ஆள் பார்த்து வாங்குபவை அல்ல.
கூரை மழை, எம்ரிஸின் மூச்சு,
மூலை ஆம்ப்பிலிருந்து கசிந்த கெதின்,
எல்லாமும் அதில்.
அவனை எடுப்பதென்றால் டிரம்ஸை எடுக்க வேண்டும்.
டிரம்ஸை எடுத்தால் பாட்டு இல்லை.
மூன்று நாள் குமிழ்களைத் திருகிவிட்டு
"யாருக்குக் கேட்கப்போகிறது" என்றான் டியூடர்.

ஆல்பம் வந்தது. அட்டையில் மூன்று முகம்.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று
பத்திரிகைக்காரன் எழுதினான்.
அடுத்ததில் சரியாகிவிடுவார்களாம்.
சரியானார்கள்.
லட்சம் விற்றது, எல்லாம் அதனதன் இடத்தில்.

கெதினை ஒருமுறை மீன் கடை வரிசையில் பார்த்தேன்.
நீ அதில் இருக்கிறாய் என்றேன்.
மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து
வினிகர் பாட்டிலை நீட்டினான்.

நான் போட்டுக் கேட்பது சேற்றில் கால் வைத்ததைத்தான்.
முதல் பக்கம், மூன்றாம் பாட்டு,
குரல் நின்று சிம்பல் அடங்குகிற இடம்.
யோலோ சரியான நொடியில் வந்து நிற்கிறான்.
அவனுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம்போல,
இன்னும் கோட்டைக் கழற்றாத ஒருவன்
ஒரு மயிரிழை தாமதமாக.