இரண்டு பத்து லாரி

மூடிவைத்த லேப்டாப்
தானாக எழுந்துகொள்கிறது.
முதலில் விசிறிச் சத்தம்,
பிறகு கொசுவலை முழுக்க நீலம்.
தங்கையா லோஞ்சியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு
"ஒன் பிள்ளை முழிச்சிருச்சு, பாரு" என்கிறான்.

ரங்கூன், முப்பத்தெட்டாம் தெரு, ஆறாவது மாடி.
கரண்ட் நாலு மணி நேரம் வரும்,
எட்டு மணி நேரம் வராது.
வந்தபோது சேர்த்துவைத்ததை
இது நடுராத்திரியில் யாருக்கும் உதவாமல்
குடித்துத் தீர்க்கிறது.
காலையில் சிங்கப்பூரிலிருந்து கணக்கு கேட்பார்கள்.
நான் பதினோரு சதவீதத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

ஜப்பானில் யாரோ கழித்துவிட்ட மெஷின்.
விசைகளில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.
மௌஸைப் பிடுங்கிப் பார்த்தேன்.
வைஃபையை அணைத்துப் பார்த்தேன்.
கடைசியில்தான் லாகைத் திறந்தேன்:
திங்கள் இரண்டு பத்து.
செவ்வாய் இரண்டு பத்து.
புதன் இல்லை.
வியாழன் இரண்டு பன்னிரண்டு.
எழுப்பியது: மூடி.

மூடி மூடித்தானே இருக்கிறது?

வெள்ளிக்கிழமை தூங்காமல் காத்திருந்தேன்.
கீழே ஒரு லாரி போனது.
கட்டடம் லேசாக உதறியது,
அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள்
ஒன்றோடொன்று முணுமுணுத்தன.
மூடியின் விளிம்பில் அரிசியளவு காந்தம்,
மழையில் தளர்ந்த கீல்.
மயிரிழை நகர்ந்திருக்கும்.
யாரோ திறக்கிறார்கள் என்று
மெஷின் எழுந்து உட்கார்ந்தது.

என்ன லாரி என்று
எங்கள் மாடிப்படியில் யாரும் கேட்பதில்லை.
எந்த வீட்டிலும் விளக்கில்லை,
எல்லா வீட்டிலும் விழிப்பு.
அது தெருமுனை திரும்பும்வரை
தங்கையா மூச்சு விடுகிற சத்தம் வராது.

நாற்பத்தொரு வரி எழுதினேன்.
உறங்கப்போகும் முன் கெர்னல்
ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்லிக்கொண்டு போகும்.
அப்போது என்னுடையது
மூடியின் வாயை மட்டும் பொத்த வேண்டும்,
விடிந்ததும் கையை எடுக்க வேண்டும்.
அவ்வளவுதான்.

முதல் தடவை எண் மாறிப்போய்
பவர் பட்டனின் வாயையும் பொத்திவிட்டது.
அருமையான உறக்கம். எழவே இல்லை.
பத்து வினாடி பட்டனை அமுக்கிப் பிடித்தேன்,
கழுத்தைப் பிடித்த மாதிரி இருந்தது.
இரண்டாம் தடவை ஒரு அரைப்புள்ளி தேடும்போது
கரண்ட் போனது.

சனிக்கிழமை சாயங்காலம்
"மீ லா பீ!" என்று தெருவே கத்தியது.
தண்ணீர் மோட்டார், குக்கர், பக்கத்து வீட்டு டிவி,
எல்லாம் ஒரே மூச்சில் ஓட
நான் மாட்யூலை ஏற்றினேன்.
பூஜ்யம் திரும்பியது. பூஜ்யம் என்றால் சுகம்.

தலைப்பில் ஒரு குறிப்பு எழுத வேண்டும்,
எதற்காக இது என்று.
'லாரி' என்று எழுதினேன்.
அழித்தேன்.
'அதிர்வு' என்று எழுதினேன்.

அன்று ராத்திரியும் தம்ளர்கள் பேசின.
நீலம் வரவில்லை.
உறங்குகிறதா, போய்ச்சேர்ந்துவிட்டதா?
திறந்து பார்த்தால் எழுந்துவிடும்.
ஓரத்துச் சிவப்புப் புள்ளி
மங்கியது, கூடியது, மங்கியது.
அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"போயிருச்சா?" என்றான் தங்கையா.
எதைக் கேட்கிறான் என்று கேட்கவில்லை.
கீழே இன்ஜின் நகராமல்
ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.
"இல்ல" என்றேன். "படு."