ஆயிரத்து இருநூறு

முட்டை அட்டை ஒட்டிய அறை, செந்தூலில்.
ஏர்கண்ட் ஒழுகும் இடத்தில் ஒரு வாளி.
வாரத்தில் நான்கு இரவு இங்கே வந்து
என் கால்களைக் கணக்கெடுக்கிறேன்.

ரப்பர் தட்டு, அதன் ஓரத்தில் எண் காட்டும் பெட்டி.
நிமிடத்துக்கு எத்தனை அடி,
அதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது.
தைப்பூச லீவில் எண்ணூற்று எழுபது.
நோன்புப் பெருநாளுக்குத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு.
பார்சல் மோட்டோவில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதும்
இடதுகால் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.
பின்னால் ஹாரன் அடிப்பான். பச்சை.

ஆயிரம் தாண்டிய இரவு
கைதட்ட யாருமில்லை.
வாளியில் ஒரு சொட்டு விழுந்தது,
அதற்குத் தோன்றியபோது.

கீழே டோபி. இருபத்துநாலு மணிநேரமும் திறந்திருக்கும்.
மெஷின்களின் நெற்றியில் எழுதியிருக்கிறது:
பிழியும் வேகம், நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு.
ஐந்து வெள்ளி போட்டால் போதும்.
வியர்க்காது, தைலம் கேட்காது.
சலவை மெஷினோடு எனக்குப் பகை வந்தது
இப்படித்தான்.

வெய் லூன் சொன்னான்:
விநாடிக்கு இருபது அடி போனால்
காது எண்ணுவதை விட்டுவிடும்.
தாளம் செத்து ஒரு சுரம் பிறக்கும்,
வயிற்றுக்குள் முனகுகிற மாதிரி ஒரு சுரம்.
"அதுக்கா இவ்வளவு பாடு?
என் பேஸ்ல கடைசிக் கம்பியக் கொஞ்சம் தளர்த்திட்டா
உட்கார்ந்தபடியே தருவேனே."
சிரித்தான். ஃபைசாலும்.

ஆகஸ்டில் போட்டி. செராஸில் ஒரு பேரங்காடி,
செருப்புக் கடைக்கும் பபிள் டீக்கும் நடுவில் மேடை.
அறுபது விநாடி.
நான் ஆயிரத்து நாற்பத்தொன்று. இரண்டாம் இடம்.
முதலில் வந்தவள் யாழரசி, பதினேழு வயது,
பல்லில் கம்பி,
ஆயிரத்து நூற்றெட்டு.
அடித்து முடித்த கையோடு கறிபாப் தின்றாள்.

"அப்ப என்ன நினைச்சுக்கிட்டிருந்த?" கேட்டேன்.
"ஒண்ணுமில்லண்ணே. உள்ள யாரோ
ஃபேன் போட்டுவிட்ட மாதிரி இருந்துச்சு."

அந்தக் காற்று
என்மேல் ஒருநாளும் பட்டதில்லை.
எனக்குள் ஒரு கிராணி உட்கார்ந்திருக்கிறான்,
மூக்குக்கண்ணாடியோடு,
ஒவ்வோர் அடிக்கும் ரசீது கிழித்துக்கொண்டு.

இது இசையா என்று கேட்பவர்களுக்கு
என்னிடம் பதில் இருந்ததில்லை.
மழை இசையா, என்று திருப்பிக் கேட்பேன்.
கேட்டுவிட்டு வெட்கப்படுவேன்.
மழை யாரோடும் போட்டிக்குப் போகவில்லை.

செவ்வாய் இரவு, எங்கள் மூன்றாவது பாட்டு.
நடுவில் நாற்பது விநாடி எனக்கு.
முழு வேகத்தில் இறங்கினேன்.
வெய் லூன் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.
"எங்க நுழையிறதுன்னே தெரியல.
சுவர் மாதிரி இருக்க. ஒரு கதவு வைக்கக் கூடாதா?"

அப்போதுதான் தரை அதிர்ந்தது.

தடக். தட, தடக்.
கீழே யாரோ கனத்த போர்வையை
ஒரே பக்கமாய்த் திணித்திருக்கிறார்கள்.
ஆயிரத்து இருநூறைப் பிடிக்க ஓடுகிறது மெஷின்,
முடியாமல் நொண்டுகிறது, மறுபடி ஓடுகிறது.
தட, தடக். தடக்.
என் பகையாளி
ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான்.

கால்களை நான் நிறுத்தவில்லை. அவை ஓடட்டும்.
இடதுகையை மட்டும் அந்த நொண்டலில் வைத்தேன்.
வெய் லூன் உள்ளே வந்தான்,
செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருகிற மாதிரி.
ஃபைசால் கண்ணை மூடிக்கொண்டான்.
எத்தனை அடி? தெரியாது.
கிராணி பேனாவைக் கீழே வைத்திருந்தான்.

கதவைத் தட்டினாள் ஒரு பெண்.
நர்ஸ் உடுப்பு, காலில் ஜப்பான் சிலிப்பர்.
"கீழ என் மெஷின் நடந்து வாசலுக்கே வந்திருச்சு.
எப்படி நிறுத்துறதுன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

வியர்வை கண்ணில் இறங்க, கால்கள் இன்னும் ஓட,
"எத்தனை நிமிஷம் காட்டுது?" என்றேன்.

"நாலு."

"இருங்க," என்றேன்.
"நிறுத்தாதீங்க."