வியாழக்கிழமை பெல்ட்

கேத்தரின் ஊர் எல்லையில் வண்டியின் பெல்ட் அறுந்தது.
டார்வினிலிருந்து வரவேண்டும், வியாழன் ஆகும் என்று
வண்டிக்கடியிலிருந்து சொன்னாள் மெக்கானிக் லோர்னா.
நான் அவள் பூட்ஸுகளோடு பேசிக்கொண்டிருந்தேன்.
பட்டறைச் சுவரில், என் தலைக்கு ஒரு முழம் மேலே
சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு.
‘அதுவா? ஆறு வந்து நின்ற இடம்.
அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடு.’

செவ்வாயன்று மலைப்பிளவு.
படகோட்டி டெல்வின், ஜாவோய்ன் ஆள்,
பாறையின் வயதைச் சொன்னான்.
அத்தனை சுழியங்களை எங்கே வைப்பது?
செருப்பிலிருந்த மணலைத் தட்டினேன்.
‘அடுத்த வளைவில் பேசாமல் வாருங்கள்’ என்றான்.
எஞ்சினை அணைத்தான்.
ஒரு குழந்தை மட்டும் விக்கியது.

வெந்நீர் ஊற்று என்கிறார்கள்.
அடுப்பேற்றிய சூடல்ல,
யாரோ இப்போதுதான் எழுந்துபோன
நாற்காலியின் சூடு.
தாழைகளுக்கு மேலே வௌவால்களின் வாய்ச்சண்டை.
கழுத்தளவு நீரில், இரவுப் பணி முடித்த நர்ஸ் ஒருத்தி
கண்ணை மூடிக்கொண்டு,
நெடுஞ்சாலையில் போகும் ரோடு டிரெயினுக்கு
எத்தனை பெட்டி என்று
சத்தத்தைக் கேட்டே சொன்னாள்.
‘மூன்று. கடைசியில் மாடுகள்.’
புதன்கிழமையும் போனேன்.
எனக்கு இரண்டுவரைதான் கேட்டது.

வியாழன் பெல்ட் வந்தது.
அளவு தப்பு.
லோர்னா முதல்முறையாக முழுதாக வெளியே வந்து
கையை விரித்தாள்: ‘திங்கட்கிழமை.’
முகத்தைத் தொங்கப்போட முயன்றேன்.
தோளில் ஈரத்துண்டு கிடந்தது,
அவள் அதையே பார்த்தாள்.